ஐயம்பெருமாள் பிள்ளையின் வைக்கோற்போர்

பாளையங்கோட்டை மிஷன் வளாகத்தில் பிறந்து வளர்ந்த அன்னப்பாக்கியம், கணவன் களக்காட்டுப் பக்கம் வாங்கிய தோட்டத்தில் மாட்டுவண்டியிலிருந்து இறங்கிய வாரமே ஐந்து பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வாங்கிவிட்டாள். அடுத்த வயல்காரர் ஐயம்பெருமாள் பிள்ளை சுத்த சைவம். வேலிக்கு அப்பால் நின்றே சொல்லிவிட்டார்: "இந்தா பாரு தாயி, ஒரு கோழி இங்கன கால் வச்சாலும் எனக்கு ஆகாது."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று கோழிகளைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடிப் போட்டாள். அவை தவிட்டைக்கூடச் சீண்டாமல் குன்றிப்போய்க் கிடந்தன. ஒரு மாதமாகியும் ஒரு முட்டை இல்லை.

ஒருநாள் காலை தண்ணீர் வைக்கப் பஞ்சாரத்தைத் தூக்கியவள், அடுப்பில் பால் பொங்கவும் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால், ஆறும் பிள்ளையின் வைக்கோற்போரடியில் நின்றன. போரை அடியிலிருந்து கறையான் அரித்துக்கொண்டிருந்தது. கோழிகள் மண்ணைக் கிளறிக் கிளறி, ஆறு ஜென்மத்துப் பசியோடு கறையானைக் கொத்தித் தின்றன. பிள்ளை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி, இப்பமே பிடிச்சிட்டுப் போயிருதேன்."

அவர் குனிந்து, கறையான் அரித்த வைக்கோலில் ஒரு பிடி உருவிப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தாள். முள்வேலியின் அடியில், கோழி நுழையும் அளவுக்கு ஒரு வழி வெட்டியிருந்தது. அந்தப் பக்கம் தோளில் துண்டோடு பிள்ளை.

"நான் பச்சையாத்துக்குக் குளிக்கப் போறேன் தாயி," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "வர நேரமாவும். நான் இல்லாதப்போ எது வந்து எதைத் தின்னா எனக்கு என்ன தெரியும்?"