சேர்த்துக்கொண்டவர்

பிரவுசிங் சென்டரின் கதவை முழங்கையால் தள்ளித் திறந்த கோவிந்தம்மாவுக்கு, உள்ளேயிருந்த ஏசி குளிரில் தன் புடவையின் மீன் வாடை தனக்கே தூக்கலாகத் தெரிந்தது. வீட்டுச் சாவியை வாங்கிப் போகத்தான் வந்தாள். மகன் குமாரவேல் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்திலிருந்த இந்த மாடிக்கடையில் வந்து உட்கார்ந்துவிட்டான். டிப்ளமோ முடித்து, எண்ணூர் பக்கம் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் இருந்தவன். தீபாவளி கழிந்ததும் ஆர்டர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் ஏதோ பேங்கு மூழ்கிவிட்டதாம். அதற்கும் நம்ம ஊர் ஷிப்டு பஸ் வராமல் போனதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனும் விளக்கித்தான் பார்த்தான். அவளுக்குப் புரியவில்லை. சொன்னவனுக்கும் முழுசாகப் புரிந்திருந்த மாதிரி தெரியவில்லை.

"சாவியக் குடுறா."

"இரும்மா. டயம் முடியப் போவுது, இத்த மட்டும் அனுப்பிட்டு வரேன்."

பிளைவுட் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக முகங்கள். எல்லோரும் கோட்டும் டையுமாக, ஒரே ஸ்டுடியோவில் ஒரே நாளில் படம் எடுத்துக்கொண்டவர்களைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு முகத்தைப் பார்த்ததும் கோவிந்தம்மாவின் கை தானாக நீண்டது.

"டேய், இது நம்ம பிரகாஷ் சாரு! மாடி வூட்டு மோகனப்ரியா வூட்டுக்காரரு. இவுரு இன்னா பண்றாரு இங்க?"

"கம்பெனிங்களுக்கு ஆள் எடுத்துக் குடுக்கறவரும்மா. கிண்டில ஆபீஸு. இது வேல தேடறவங்களும் குடுக்கறவங்களும் பேர் போட்டு வெக்கற சைட்டு. நான் ரிக்வெஸ்ட் போட்டேன், உடனே சேத்துக்கினாரு."

"சேத்துக்கினாருன்னா?"

"தெரிஞ்சவங்கன்னு அர்த்தம்."

"அவுருக்கு உன்னத் தெரியுமா?"

"தெரியாது."

"உனுக்கு அவுரு நம்ம வாடிக்கைன்னு தெரியுமா?"

"இப்ப நீ சொல்லித்தான் தெரியும்."

"அப்பறம் இன்னாடா தெரிஞ்சவங்க?"

குமாரவேல் தலையைச் சொறிந்தான். வேலை வேணும் என்று பணிவாக ஒரு மெசேஜும் போட்டிருக்கிறானாம். பதில் இல்லையாம். இன்னொரு தடவை போடலாமா, போட்டால் தொந்தரவு என்று நினைத்து விலக்கிவிடுவாரா என்றுதான் இவ்வளவு நேரமாக யோசித்துக்கொண்டிருந்தானாம்.

"பதிலு இன்னாத்துக்கு? நாயித்துக்கெழம அவுரு வூட்டு வாசல்லதான் கூடைய எறக்கப் போறேன். கேட்டுட்டா போச்சு."

"ஐயோ, வாணாம்மா! அப்படில்லாம் வூட்டாண்ட போய்க் கேக்கக் கூடாது. அது மரியாத இல்ல."

முகம் தெரியாதவனுக்கு எழுதிப் போடுவது மரியாதை. தெரிந்தவனை வாசலில் பார்த்துக் கேட்பது மரியாதை இல்லை. இதை எந்தப் பக்கத்திலிருந்து தூக்குவது என்றே கோவிந்தம்மாவுக்குப் பிடிபடவில்லை. சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மாடி வீட்டு நிலைப்படியில் கூடை இறங்கியது. வழக்கமாக வஞ்சிரமோ வவ்வாலோ எடுக்கிற மோகனப்ரியா கொஞ்ச காலமாகவே நெத்திலி, காணாங்கத்தை என்று முள் நிறைந்த மலிவு மீனுக்கு மாறியிருந்தாள். குழந்தைகளுக்கு முள் எடுத்துத் தர சோம்பல் படாத புண்ணியவதி என்றுதான் கோவிந்தம்மா அதுவரை நினைத்திருந்தாள். அன்று கேட்டதை நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதன் மேல் நாலு துண்டு வஞ்சிரத்தையும் வைத்தாள். அவர்கள் தொழிலில் அதுதான் வழக்கம். ஒரு வீட்டில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் கை நிறைய மேலே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

"இது எதுக்குக்கா? நான் கேக்கலியே."

"இருக்கட்டும் கண்ணு. சாரு வூட்ல கீறாரா? ஒரு வார்த்த பேசணும்."

பிரகாஷ் கையில் பேப்பரோடு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலும் முழங்கை வரை மடித்த முழுக்கைச் சட்டைதான்.

"சார், எம் பையன் குமாரவேலுவ நீங்க கம்பீட்டர்ல சேத்துக்கினீங்களாமே."

"எந்தக் குமாரவேல்?"

"ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு இருப்பான்."

பிரகாஷ் மனைவியைப் பார்த்தான், கோவிந்தம்மாவைப் பார்த்தான். "நிறைய பேர் கேப்பாங்கம்மா. எல்லாரையும் சேத்துக்கிறதுதான். அது ஒண்ணும்..."

"ஏங்க, நம்ம அக்கா பையங்க" என்று மோகனப்ரியா குறுக்கே புகுந்தாள். "போன வாரம்கூட மறைமலைநகர்ல ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்தோம்னு சொன்னீங்களே. இவனையும் கூப்பிட்டுப் பாருங்களேன்."

அவன் பேப்பரை ஒரு தடவை மடித்தான். மறுபடி மடித்தான். கைக்குட்டை அளவுக்கு வந்த பிறகு சொன்னான்:

"புதன்கிழமை ஆபீஸ்ல வந்து பாக்கச் சொல்லுங்க."

கோவிந்தம்மா அவனை வாயார வாழ்த்தினாள். அன்றைக்கு மிச்ச வீடுகளுக்குப் போகும்போது கூடை கனக்கவே இல்லை. கேட்டால் கிடைக்கிறது, இதற்குப் போய் ஒருவன் மணிக்கணக்கில் குளிரில் உட்கார்ந்து யோசிக்கிறான். குமாரவேல் விஷயத்தைக் கேட்டதும் முதலில் கத்தினான். "என் மானத்த வாங்கிட்டியே" என்றான். பிறகு மெல்ல, "புதன்கிழமைன்னு அவரே சொன்னாரா? அவரு வாயால?" என்று கேட்டான். பிறகு தெருமுனை நண்பனிடம் ஒரு டை இரவல் வாங்கப் போனான்.

திங்கட்கிழமை விசைப்படகுகள் தாமதமாக வந்தன. காசிமேட்டில் ஏலம் முடிய வெயில் ஏறிவிட்டது. கோவிந்தம்மா சங்கராவை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"இன்னா மாமு, டை கட்டிக்கினு நண்டு புடிக்க வந்துகீற?"

"வய்யி வுடு நைனா, வய்யி வுடு! ஷூ கலீஜாய்டும், தூக்கி வுடட்டுமா?"

ஐஸ் உருகி ஓடுகிற சகதியில் பாலிஷ் போட்ட ஷூவோடு, தோளில் ஆபீஸ் பையும் கழுத்தில் நீல டையுமாக பிரகாஷ் ஒவ்வொரு கூடைக்காரியின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவளைக் கண்டதும் அவசரமாக வந்தான். பக்கத்தில் வந்ததும் எதற்கு வந்தோம் என்பதை மறந்தவன் போல நின்றான்.

"இன்னா சார், ஆபீசு இல்லியா?"

"அதைச் சொல்லத்தாம்மா வந்தேன். பையனைப் புதன்கிழமை அனுப்பாதீங்க. அங்க போனா நான் இருக்க மாட்டேன்."

"லீவா?"

"இல்ல. அங்க நான் இல்ல. பொங்கலுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க. ஆளே எடுக்காதப்ப, ஆள் எடுக்கிறவன் எதுக்கு?"

கோவிந்தம்மா கையிலிருந்த சங்கராவை வாளியிலேயே விட்டாள். "அப்ப கம்பீட்டர்ல..."

"அதுல நான் மாத்தலை. மாத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வேலையில இருக்கிறவன்னாதான் அடுத்த வேலைக்குக் கூப்பிடுவாங்க."

"வூட்ல?"

அவன் ஷூவைப் பார்த்தான். "தெரியாது."

"தெனம் டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு எங்க போறீங்க?"

"ராயபுரம் ஸ்டேஷன்ல உக்காருவேன். வெயில் ஏறினா பிரவுசிங் சென்டர்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்கலாமே, எதற்குப் புதன்கிழமை என்று ஒரு கிழமையைச் சொன்னான்? வாயைத் திறந்தாள். ஆனால் அவன் அதற்குள் இன்னும் கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் வேறு ஒன்று பேசினான்.

"அம்மா, நேத்து ராத்திரி உங்க பையன் பக்கத்தைப் பாத்தேன். மணலியில கன்டெய்னர் யார்டு ஒண்ணு இருக்கு. அங்க ஆள் எடுக்கிற மேடம் உங்க பையனைச் சேத்துக்கிட்டிருக்காங்க. நான் ரெண்டு தடவை ரிக்வெஸ்ட் போட்டேன், என்னை எடுக்கலை. அவனை ஒரு வார்த்தை எழுதச் சொல்றீங்களா? இந்த மாதிரி பிரகாஷ்னு ஒருத்தர், நல்ல அனுபவம்னு."

"எம் பையன், உங்களுக்கு சிபாரிசா?"

"ஆமா."

"அவனுக்கே வேல இல்லியே சார்."

"அது அவங்களுக்குத் தெரியாதும்மா."

கோவிந்தம்மாவுக்கு, மீன் கேட்டு வந்தவனிடமே மீன் இருக்கிறதா என்று கேட்பது போல இருந்தது. வேலை கொடுக்கிறவனிடம் கேட்கப் போனால் அவன் தன்னிடம் கேட்கிறான். மகனைச் சேர்த்துக்கொண்டவன் யாரையும் சேர்க்க முடியாதவன். மகனைச் சேர்த்துக்கொண்ட இன்னொருத்திக்கு மகனை யாரென்றே தெரியாது. இதில் யார் கை மேலே, யார் கை கீழே? "பாக்கலாம் சார்" என்றாள். நேற்று அவன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது என்று சொன்ன பிறகுதான் தோன்றியது.

"வீட்ல மட்டும்..." என்று ஆரம்பித்தான்.

"நான் இன்னா சொல்லப் போறேன்? போங்க சார், பையங்க பேஜாரு பண்றானுங்க பாருங்க."

வீட்டுக்குத் திரும்பியபோது குமாரவேல் சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தான். கண்ணாடி முன்னால் நின்று டை முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். "டேய், புதன்கெழம..." என்றாள்.

"கிண்டிக்கு டிரெயின்ல போய் பீச் ஸ்டேஷன்ல மாறிக்கறேம்மா. பஸ்ஸுன்னா கசங்கிடும்" என்றான் அவன். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. வேலை போன பிறகு அவள் பார்க்காத முகம்.

"சரி, சோறு துன்னு" என்று எழுந்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தாள். ஆனால் மாடியிலிருந்து மோகனப்ரியா முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டாள். நெத்திலிதான் கேட்டாள். தானே முறத்தை எடுத்து வந்து எதிரே குந்தி, ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிப் போட்டாள். உள்ளே பிரகாஷ் குளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க பையனுக்கு அந்த சைட்ல பேர் போடத் தெரியும்தானே?"

"தெரியும் கண்ணு."

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தருவானா? நான் பி.காம். கல்யாணத்துக்கு முன்னாடி ராயபுரத்துல ஷிப்பிங் ஆபீஸ்ல இருந்தேன், அதையும் எழுதணும். இவருக்குத் தெரிய வேணாம்."

கோவிந்தம்மாவின் கை நின்றது. "சாரு செய்யறதே அந்த வேலதானே? அவுருகிட்டயே கேக்கலாமே?"

"கேக்கலாம்" என்றாள் மோகனப்ரியா. ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளி, விரலை முறத்தின் விளிம்பில் துடைத்தாள். "கேட்டா அவர் பதில் சொல்லணுமேக்கா."

அதற்கு என்ன அர்த்தம் என்று முகத்தைப் பார்த்தாள். தெரிந்த முகமா, சந்தேகப்படுகிற முகமா, ஒன்றுமே தெரியாமல் ஏதோ மனஸ்தாபத்தில் பேசுகிற முகமா? மீனின் செவுளைத் திறந்து பார்த்தாலே எத்தனை நாள் மீன் என்று சொல்கிறவளுக்கு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. குளியலறைக் கதவு திறந்தது. மோகனப்ரியா பேச்சை மாற்றி, வேண்டுமென்றே உரக்க விலை பேசினாள்.

பிரகாஷ் டையும் பையுமாக வந்து, வாசலில் கோவிந்தம்மாவைக் கண்டு ஷூவுக்குள் பாதிக் காலோடு நின்றான்.

"அக்கா பையன் நாளைக்கு வரான்ல, கேட்ல வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைங்க" என்றாள் மோகனப்ரியா, முறத்திலிருந்து தலையை எடுக்காமல்.

"ம்" என்றான் அவன். "சொல்றேன்."

"வருவான்லக்கா?"

இரண்டு பேரும் இப்போது அவளைத்தான் பார்த்தார்கள். கோவிந்தம்மா தராசைக் கூடைக்குள் போட்டாள், அரிவாள்மணையைச் சாக்கில் சுற்றினாள், ஈரச் சாக்கை மீன் மேல் இழுத்து மூடினாள். செய்ய வேறு எதுவும் மிச்சமில்லை.

"கொஞ்சம் தூக்கி வுடு கண்ணு, வெயிலு வந்துட்டுது" என்று துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

மோகனப்ரியா ஒரு பக்கம் பிடித்தாள். தனியாக முடியவில்லை. பிரகாஷ் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து மறுபக்கம் பிடித்தான்.

"பிடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சிட்டேன்."

"விட்டுடாதீங்க."

கூடை மேலே ஏறியது. சும்மாட்டில் இன்னும் உட்காரவில்லை. கூடைக்குக் கீழே நின்ற கோவிந்தம்மாவுக்கு நாலு கைகள் மட்டும் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. கூடையின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி, அவன் டையிலும் அவள் வளையல்களிலும் மாறி மாறிச் சொட்டிக்கொண்டிருந்தது.