கவிழ்க்காத டம்ளர்

கொல்லையில் துணிக்கொடியின் மேல் போர்வையை மறைப்பாகக் கட்டிக்கொண்டிருந்த வஹிதாவின் கை முடிச்சிலேயே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் குள்ளம்மாள் வந்து நின்றிருந்தாள். அடுத்த தெருக்காரி. வஹிதாவின் மகள் சாயிராவோடு தினமும் தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் பாஞ்சாலியின் அம்மா.

“அக்கா, அவகிட்ட இன்னும் சொல்லலீங்க. காத்தாலயே கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. சாயிரா வரும்னு அங்கயே நிக்கிறா.”

“கூட்டிட்டு வர்றதுதானே?”

“டம்ளரக் கவுக்காம எப்பிடீங்க வருவா?”

வஹிதாவுக்கும் அது தெரியும். மொரப்பூர் பஸ் நிறுத்தத்துப் பந்தலில் இருவருக்கும் ஆளுக்கொரு வேலை. பாஞ்சாலிக்கு முப்பது வயது; பேச்சு இரண்டு சொல்லில் முடிந்துவிடும். அவள் குழாயில் தண்ணீர் பிடித்து வருவாள், டம்ளர் அலசுவாள். சாயிரா மொண்டு கொடுப்பாள். ஒவ்வொருவர் குடித்ததும் மூன்று தடவை அலச வேண்டும். அதில் பாஞ்சாலி விட்டுக்கொடுக்க மாட்டாள்.

“அரூர் பஸ்ஸு போயிரும் தாயீ, ஒருக்கா அலசுனா ஆவாதா?” என்று யாராவது கிண்டல் செய்தால், “அவ சட்டம் அதாண்ணா. நானே அவளுக்குப் பயந்துதான் கெடக்கறேன்” என்பாள் சாயிரா.

பத்து மணிக்குக் குடத்தை மூடிய தட்டின் மேல் சாயிரா டம்ளரைக் கவிழ்ப்பாள். அன்றைய வேலை முடிந்தது. “நாளைக்கு?” என்று பாஞ்சாலி கேட்பாள். “வருவேன்டி.” ஒருநாள் சாயிரா மறந்துபோய்க் கவிழ்க்காமல் வந்துவிட்டாள். பொழுது சாயும்வரை பாஞ்சாலி குடத்துப் பக்கத்திலேயே நின்றாள். வேறு யார் கவிழ்த்தாலும் நிமிர்த்தி வைத்தாள்.

இன்று விடிவதற்கு முன், தருமபுரிக்குப் போகும் வழியில், ஆம்புலன்சிலேயே சாயிராவுக்கு மூச்சு நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்தே இருந்த இரைப்பு. இருபத்தேழு வயது.

“சொல்லாம இருந்துருவோம்க்கா. சேலம் போயிருக்குன்னு சொல்லிக்கறேன். தாங்க மாட்டா அவ.”

“எத்தன நாளைக்கு சேலம் போவா, குள்ளம்மா?”

குள்ளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோளுக்குப் பின்னால், சந்தில், பாஞ்சாலி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம். குடத்தின் வாயில் தட்டு. தட்டின் மேல் டம்ளர் நிமிர்ந்திருந்தது.

“சாயிரா வல்ல,” என்றாள். “தண்ணி இருக்கு.”

குளிப்பாட்ட வந்திருந்த பெரியம்மா போர்வையை விலக்கி எட்டிப் பார்த்து, “வஹிதா, நம்மாளுங்க இல்லாதவங்க உள்ள வேணாம்மா” என்றார்.

“உள்ள வர வேணாம். தண்ணி மட்டும் அவ குடுக்கட்டும்.”

வஹிதா பாஞ்சாலியை வேலிக்கு இந்தப் பக்கம் கூட்டி வந்து கையைப் பிடித்தாள். கை சில்லென்று ஈரமாக இருந்தது.

“சாயிரா செத்துப்போயிட்டா, பாஞ்சாலி. குளிப்பாட்டணும். தண்ணி கொண்டாறியா?”

பாஞ்சாலி போர்வையைப் பார்த்தாள். அதில் பச்சைப் பூக்கள். வெகுநேரம் பார்த்தாள்.

“எத்தன கொடம்?” என்றாள்.

தட்டையும் டம்ளரையும் கீழே வைத்துவிட்டுக் குடத்தைப் போர்வைக்கு அடியில் தள்ளினாள். வெறுங்குடம் வெளியே வந்ததும் குழாய்க்கு ஓடினாள். உள்ளே வஹிதா குடத்தை வாங்கி வாங்கி வைத்தாள். பெரியம்மா உடலின் வலப்பக்கத்திலிருந்து ஊற்றினார். சாயிராவின் கணுக்காலில் பழைய செருப்பு வாரின் தழும்பு இருந்தது. வஹிதா அதன் மேல் கையை வைத்து, எடுத்தாள்.

வெளியே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுப் பாஞ்சாலி எண்ணிக்கொண்டிருந்தாள். “ஒண்ணு.” பிறகு, “ரெண்டு.” பெரியம்மா கற்பூரத்தைப் பொடித்துக் கரைப்பதற்காக நிறுத்தினார். வெளியே பாஞ்சாலி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மூணு” என்றாள்.

“இருடி கண்ணு, ஊத்தறேன்,” என்றார் பெரியம்மா.

வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். பாஞ்சாலி வாசற்படியில் நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை. அழவும் இல்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே வஹிதாவின் கணவர் தஸ்தகீர் மகளின் ஜனாஸாப் பெட்டிக்கு முன்பக்கத்தில் தோள் கொடுத்தார். ஆண்கள் தெரு திரும்பி மறைந்தார்கள்.

கொல்லையில் பாஞ்சாலி மறுபடியும் குடத்தை நிரப்பி, தட்டால் மூடி, டம்ளரை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“வாடி வூட்டுக்கு, என்னப் பெத்தவளே,” என்று குள்ளம்மாள் டம்ளரைக் கவிழ்த்தாள். பாஞ்சாலி நிமிர்த்தினாள். அம்மா மறுபடி கவிழ்த்தாள். மகள் மறுபடி நிமிர்த்தினாள்.

வஹிதா போய் டம்ளரை எடுத்தாள். அடியில் ஒரு வாய் தண்ணீர் இருந்தது. அதை எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை. குடித்துவிட்டாள். பிறகு, சத்தம் வராமல், தட்டின் மேல் கவிழ்த்தாள்.

பாஞ்சாலியின் கை வந்தது. டம்ளரின் அடிப்பாகத்தில் விரல்கள் படிந்தன. அப்படியே இருந்தன. நிமிர்த்தவில்லை.

“நாளைக்கு?” என்றாள்.

கொடியில் போர்வையின் நனைந்த ஓரம் சொட்டிக்கொண்டிருந்தது. பாஞ்சாலி குடத்தை இடுப்பில் ஏற்றி, டம்ளர் சாயாமல் ஒரு கையால் பிடித்தபடி, பதிலுக்காக நின்றாள்.