சிறுத்தையும் பூஞ்சையும்

அக்காவும் தம்பியும் ஒரே மிருகக்காட்சிசாலையில்தான் வேலை பார்த்தார்கள். தம்பிக்குச் சிறுத்தைக் கூண்டு, அக்காவுக்கு ஆய்வுக்கூடம். சாப்பாட்டு வேளையில் இருவருக்கும் வாய் சும்மா இருக்காது. "என் ஆளு ஒரு அறை விட்டா எலும்பு மிஞ்சாது. உன் பூஞ்சை என்ன பண்ணும்? ரொட்டியைக் கெடுக்கும்" என்பான் அவன். "உன் ஆளு வர்றது கண்ணுக்குத் தெரியும், கதவைச் சாத்திக்கலாம். என் ஆளு மூச்சோட மூச்சா உள்ள போயிடும்" என்பாள் அவள். பதினோரு வருஷமாகியும் இந்த வழக்கு தீரவில்லை.

இப்போது தீர்ந்துவிட்டது. அவள் ஜெயித்திருந்தாள். இப்படி ஒரு வெற்றி யாருக்கு வேண்டும்?

தாய்ச் சிறுத்தை மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தது. டாக்டர் எடுத்துக் கொடுத்த சளியில் சாம்பல் பச்சையாகப் பூஞ்சை வளர்ந்தது. கிடங்கு வைக்கோலைச் சோதித்தாள், அதிலும் அதேதான். வயசான உடம்பு குளிரில் நடுங்குகிறதே என்று தம்பிதான் தினமும் வைக்கோல் பரப்பினான். மேல்கட்டு குத்துமாம், அதனால் அடியில் மெத்தென்று இருப்பதாகப் பார்த்து உருவுவான். அது மெத்தென்று இருந்தது ஈரத்தினால்தான் என்பது அந்த மகராசனுக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் கையை விரித்துவிட்டார். போகிற உயிர் போகட்டும், நோய் எப்படி வந்தது என்று தெரியவில்லை என அறிக்கையில் எழுதிவிடலாமா என்றுகூட அவள் நினைத்தாள். பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொண்டவனிடம் இதை எந்த வாயால் சொல்வது? ஆனால் அடுத்த கூண்டில் அதன் குட்டி இருந்தது. அது நேற்றுவரை வெறும் பலகையில்தான் படுத்தது. சொல்லாமல் விட்டால் நாளைக்கே அதற்கும் வைக்கோல் போடுவான்.

கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"பிழைச்சுக்குமா அக்கா?"

"இல்லடா."

பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அழுவான், இல்லையென்றால் அவளைத் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை.

"குட்டிக்கும் போட்டுட்டேன்" என்றான். "இன்னைக்குக் காலையிலதான். அதுவும் அடியில இருந்து எடுத்து. மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டுத் தூங்குது, அக்கா."

சிறுத்தைக் கூண்டுகள் பக்கம் யாரும் ஓடக்கூடாது, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவன் முதலில் சொல்வதே அதுதான். அவன் ஓடினான்.