வாளிக்கு ஒரு சாண் மேலே

மருத்துவமனையும் நீர் வாரியமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மறுநாள் காலை, மருத்துவமனைக் குழாய்களிலிருந்து இறங்கிய தண்ணீர் வாளிக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது. உறையவில்லை, திரும்பி ஏறவும் இல்லை. கையை நீட்டினால் கை நனையவில்லை. குழாய் பழுதுபார்ப்பவர் திருகிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "குழாயில ஒரு கோளாறும் இல்லைங்க. தண்ணிக்குத்தான் மனசு வரலை" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

காரணம் ஒருத்திக்குத்தான் தெரியும். மருத்துவமனைக்கு ஒப்பந்தங்கள் எழுதித் தருபவள் அவள். வேண்டாத சொல்லைக் கண்டால் வெட்டிவிடுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வாரியம் தினமும் விடிவதற்குள் தொட்டியை நிரப்பும், நிரம்பாவிட்டால் வாரியப் பொறியாளர் ஒரு மணி நேரத்துக்குள் லாரி அனுப்புவார் என்றுதான் முதலில் எழுதியிருந்தாள். நிர்வாகி படித்துவிட்டு முகம் சுளித்தார். "இவ்வளவு கறாரா எழுதினா அவங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்கம்மா. கொஞ்சம் பதமா எழுது." பதமாக எழுதுவது என்றால், வாரியம் 'இயன்றவரை' 'உரிய காலத்தில்' 'போதிய' தண்ணீர் 'வழங்க முயலும்' என்று எழுதுவது. அவர் சொல்லச் சொல்ல அவளேதான் தட்டச்சு செய்தாள். அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன் விரல்கள்மேல் வந்த கோபம் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டாம் மாடியில் அவளுடைய அண்ணன் படுத்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர். அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் தண்ணீர் இல்லாமல் ஓடாது. வெளியிலிருந்து லாரியில் வாங்கிய தண்ணீரும் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் அந்தரத்தில் நின்றது. அடுத்த ஊர் மருத்துவமனையில் படுக்கை கேட்டதற்கு, இயன்றவரை பார்க்கிறோம் என்று பதில் வந்தது. நாட்கள் போகப் போக அண்ணனின் கால்கள் வீங்கின, பிறகு முகமும் வீங்கியது. "ஏண்டி, கண்டதையெல்லாம் வெட்டுவியே, இதை மட்டும் ஏன் விட்டே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

கூட்ட அறையில் நிர்வாகியும் வாரியத் தலைவரும் நிலைமையைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் தாகத்துக்குப் பாட்டிலைச் சாய்த்தார். தண்ணீர் உதட்டுக்கு மேலே நின்றது. கதவைத் தட்டாமல் உள்ளே போன கத்தரி, மேசையில் கிடந்த ஒப்பந்தத்தை இழுத்து 'இயன்றவரை'யை அடித்தாள். பாட்டில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. 'உரிய காலத்தில்' என்பதை அடித்து 'விடிவதற்குள்' என்றும், 'போதிய' என்பதை அடித்து 'தொட்டி நிரம்ப' என்றும் எழுதினாள். இன்னும் கொஞ்சம் இறங்கியது. எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். பார்த்த பிறகும் தலைவர் சொன்னார்: "அதுக்காக 'முயலும்'ங்கறதையுமா எடுக்கணும்? நாளைக்கு எங்களைக் கேள்வி கேப்பாங்களேம்மா."

"கேக்கறதுக்குத்தானே ஐயா எழுதறது!" என்று கத்தினாள். அந்தச் சத்தம் இரண்டாம் மாடிவரை கேட்டதாகச் சொல்வார்கள்.

அந்த ஒரு சொல்லுக்காக மாலைவரை ஆலோசித்தார்கள், தொலைபேசியில் யார் யாரையோ கேட்டார்கள். கடைசியில் 'வழங்கும்' என்று திருத்திக் கையெழுத்திட்டபோது மாடிக்கு மாடி வாளிகளில் ஒரே நேரத்தில் தண்ணீர் விழுந்தது. தெருவில் போனவர்கள் சத்தம் கேட்டு மழை என்று நினைத்து அண்ணாந்து பார்த்தார்கள். கதவருகில் இரண்டாம் மாடி நர்ஸ் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே கத்தரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அந்த ஊரில் எந்த இரண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் எழுதினாலும் பக்கத்தில் ஒரு குழாயைத் திறந்துவைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். தண்ணீர் நின்றால் சொல்லைத் தேடி அடிக்கிறார்கள். நிர்வாகிக்குப் பதவி உயர்வு கிடைத்தது, ஓய்வும் பெற்றுவிட்டார். அண்ணன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்துக் குழாயில் மட்டும் அன்று நின்ற தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. கத்தரி எப்போதாவது வந்து அதன் எதிரில் உட்கார்ந்து, வாய்விட்டுத் திட்டிவிட்டுப் போவாள். தரை துடைப்பவர்கள் அதன் கீழே வாளி வைப்பதில்லை. சுற்றித் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள்.