கேட்டால் தட்டுங்கள்

அலுவலகத்தில் அவருக்குப் பலகையார் என்று பெயர். சிமெண்டையும் கம்பியையும் தவிர எதையும் நம்பாத ஊரில் ஏழு மாடியை மரத்தாலேயே எழுப்பிக் காட்டிய எஞ்சினியருக்கு அந்தப் பட்டப்பெயர்கூடக் கிடைக்காவிட்டால் எப்படி? பலகைகளை ஒரு வரிசை நெடுக்காக, அடுத்த வரிசை குறுக்காக அடுக்கி, பசை தடவி அழுத்தினால் கனத்த மரத்தட்டு ஒன்று கிடைக்கும். சி.எல்.டி. என்பார்கள். ஓர் அடுக்கு ஈரத்தில் உப்பப் பார்த்தால் குறுக்கே கிடக்கும் அடுக்கு விடாது. தீப்பிடித்தால் மேல்தோல் கரியாகி உள்ளே இருப்பதைக் காக்கும். ஜன்னல் ஓட்டை வரை தொழிற்சாலையிலேயே வெட்டிக் கொண்டுவந்து, கிரேனில் தூக்கித் திருகாணி முடுக்கினால் சுவர் தயார். "தீப்பெட்டிக்குள்ள குடித்தனமா?" என்று கேட்டவர்களின் வாயை அடைக்க, தானே அதில் ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தார்.

வந்தார் என்றால் தனியாகத்தான். மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளிநாடு போன மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது நாலு பேர் வந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டீங்களா?" என்பாள். "ஆச்சு" என்பார். அதற்கு மேல் பேச இருவரிடமும் சரக்கு இல்லை.

மரத்தட்டுக்கு ஒரு குறை உண்டு. கான்கிரீட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அஸ்திவாரத்துக்கு அது கொண்டாட்டம், காதுக்குத் திண்டாட்டம். மேலே நடப்பதையெல்லாம் ஒளிக்காமல் கீழே சொல்லிவிடும். அவர் வீட்டுக்கு மேலே ஒரு நர்ஸும் அவளுடைய சின்ன மகளும் இருந்தார்கள். சாயங்காலமானால் சிறுமி கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திடுதிடுவென்று ஓடுவாள். பலகையார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருப்பார். இப்போது ஜன்னல். இப்போது சமையலறை. விழுந்துவிட்டாள். இதோ, எழுந்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசியிராத அந்தக் குழந்தைதான் அவருக்குத் துணை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

மற்ற வீடுகளில் காலடிச் சத்தம் துணையாக இல்லை, தலைவலியாக இருந்தது. புகார் மேல் புகார். கடைசியில் தரைக்கு மேல் ரப்பர் பாய் விரித்து, அதன்மேல் கனத்த சிமெண்ட் போர்டு போடுவது என்று முடிவாயிற்று. எந்தெந்த வீட்டுக்கு என்பதை அவரே சொல்ல வேண்டும். எல்லா வீட்டுக்கும் வேண்டும் என்றார், தன் தலைக்கு மேலிருந்த வீட்டைத் தவிர. "அங்கேர்ந்து சத்தமே வரல" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு மாலை ஓட்டத்தோடு சேர்ந்து கிரீச் என்று ஒரு சத்தம். இரண்டு தட்டுகள் சேரும் இடத்தில் திருகாணி தளர்ந்திருக்குமோ? மரத்தோடு வேலை செய்பவர்களுக்குச் சந்தேகம் வந்தால் தட்டிப் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. மாப் கட்டையை எடுத்து, தலைக்கு மேலே இணைப்பு நெடுக டொக் டொக்கென்று தட்டிக் காதுகொடுத்தார். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. திருப்தியோடு கட்டையை மூலையில் சாத்தினார்.

மறுநாள் ஓட்டம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஊருக்குப் போய்விட்டார்களோ, குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டீ தினமும் ஆறிப்போனது. பிறகு ஒருநாள் லிஃப்டில் இருவரையும் பார்த்தார். சிறுமி லிஃப்டுக்குள்ளும் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றாள் நர்ஸ். "அன்னிக்கு நீங்க தட்டினதும் எனக்கு உயிரே போயிடுச்சு. இப்பல்லாம் இவ நுனிக்கால்லதான் நடக்கிறா. சத்தம் வரலல்ல?"

பலகையார் அவசர அவசரமாக மறுத்தார். "அதுக்காகத் தட்டலம்மா. ஜாயின்ட் சரியா இருக்கான்னு பாத்தேன். பாப்பா ஓடட்டும். அவ ஓடினா எனக்கு நல்லாருக்கு."

"பெரிய மனசு சார் உங்களுக்கு." மகள் பக்கம் குனிந்தாள். "பாத்தியா, தாத்தா எவ்வளவு பொறுத்துக்கிறாரு. நாமதான் பாத்து நடந்துக்கணும்."

சிறுமி தலையாட்டினாள். அன்றும் மேலே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மனசைத் திறந்து சொன்னார், அது மரியாதைப் பேச்சாகப் போய்விட்டது. பாய் போட்டால் குழந்தை ஓடுவாள், அவருக்குக் கேட்காது. போடாவிட்டால் குழந்தை ஓடவே மாட்டாள், அப்போதும் கேட்காது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவர் பங்குக்கு மௌனம்தான். குழந்தைக்காவது ஓட்டம் மிஞ்சட்டும் என்று அலுவலகத்துக்குப் போனார்.

"என் மேல் வீட்டுக்கும் போட்டுடுங்க."

"சத்தமே வரலன்னீங்களே சார்?"

"வருது. பொய் சொன்னேன்."

வேலை முடிந்த மாலை நர்ஸ் கீழே இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப இவளை ஓடச் சொல்றேன் சார். கேட்டா அன்னிக்கு மாதிரி தட்டுங்க, நிறுத்திடறேன்."

பலகையார் மாப் கட்டையோடு கூடத்தின் நடுவே நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. வேலை சுத்தம். அவருக்கே அவர் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

அப்போதுதான் தொங்குவிளக்கைப் பார்த்தார். அது லேசாக நடுங்கியது. பாய் சத்தத்தைத்தான் பிடிக்கும். இலகுவான தரையின் அதிர்வை முழுக்கப் பிடிக்காது. நடுங்கியது, அடங்கியது, மறுபடி நடுங்கியது. குழந்தை தரையின் நடுவுக்கு வரும்போது கூடுகிறது. கோடிக்குப் போகும்போது குறைகிறது. இப்போது ஜன்னல். இப்போது சமையலறை.

கையிலிருந்த மாப் கட்டையைச் சத்தமில்லாமல் தரையில் கிடத்திவிட்டு, நாற்காலியை விளக்குக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார்.