விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்

மேலாளரின் கடிதம் வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தையல் கூடத்துக்கு வந்தபோது, நாற்பத்திரண்டு தையல் இயந்திரங்களில் ஒன்றுகூட ஓடவில்லை. பெண்கள் அவரவர் முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைக் கொண்டுவந்த எழுத்தர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். நாலு வார்த்தைக்கு மூன்று காற்புள்ளி வைக்கிறவர் என்பதால், கூடத்தில் அவருக்குப் பெயரே காற்புள்ளி அண்ணன்தான்.

சண்டை ஜன்னலுக்காக. மருத்துவமனைகளுக்கு அறுவை அங்கி தைக்கிற கூடம் அது. கரும்பச்சைத் துணியில் கரும்பச்சை நூல் ஓட வேண்டும். கிழக்குச் சுவர் முழுக்க ஜன்னல்கள் இருப்பதால்தான் தையல் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது ஒன்பது மீட்டர் நீளத்தில் புதிதாக ஒரு வெட்டு மேசை வரப்போகிறது, அதை ஜன்னல் ஓரமாகப் போட்டுவிட்டுத் தையல்காரிகள் எல்லாரும் பின்னாலிருக்கும் சரக்கறைக்குப் போக வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டிருந்தார். சரக்கறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. உத்தரவு வந்த மறுநாள் காலையில், கூடத்தில் எல்லாரும் பெரியவள் என்று கூப்பிடுகிற மூத்த தையல்காரி எழுந்து தன் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அணைத்தார்கள்.

"படிங்கண்ணே, என்னதான் சொல்றார்?" என்றாள் பெரியவள்.

காற்புள்ளி அண்ணன் ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்துச் சொன்னார். "ஜன்னல் விஷயத்துல, நான், நிலம் கொடுக்கலாம். ஆனா, என் முதுகு கீழே போறதை, யாரும் பார்க்க முடியாது."

கூடம் ஒரு நிமிடம் திகைத்துப்போனது.

"நிலமா? எத்தனை ஏக்கராம்?"

"முதுகுக்கு என்னவாம் பாவம்? விழுந்துட்டாரா?"

சிரிப்பு அடங்குவதற்குள் பெரியவள் மேசையில் ஓங்கித் தட்டினாள். "கிண்டல் பண்றாரா நம்மள? மேலேருந்து அவளைக் கூப்பிடுங்க."

அவள் என்றது தன் கூடப் பிறந்த தங்கையை. கூடத்தில் அவளுக்குச் சின்னவள் என்றே பெயர். ஒன்பது வருஷம் அக்காவுக்கு அடுத்த இயந்திரத்தில் உட்கார்ந்து காலர் தைத்தவள். மாலை வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படித்து, ஆறு மாதத்துக்கு முன் மாடிக் கண்ணாடி அறையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தாள். அன்றைக்குப் பெரியவள் சொன்ன வாழ்த்து இதுதான்: "மேல ஏறிட்டே. இனிமே நாங்க கத்தினாலும் உனக்குக் கேக்காது." அதற்குப் பிறகு அக்கா தங்கைக்குள் பேச்சு இல்லை. எதிரெதிரே வந்தால் இருவருமே சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

சின்னவள் படியிறங்கி வந்தாள். கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். 'ஐ மைட் கிவ் கிரவுண்ட்' என்றிருந்தது முதல் பாதி. 'ஐ கான்ட் பி சீன் டு பேக் டவுன்' என்றிருந்தது மறுபாதி.

"நிலமும் இல்ல, முதுகும் இல்ல. கிவ் கிரவுண்டுன்னா விட்டுக்கொடுக்கறது. பேக் டவுன்னா பின்வாங்கறது" என்றாள்.

"அப்போ விட்டுக்கொடுக்கறாரா, மாட்டாரா? வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லு" என்றாள் பெரியவள், தங்கையின் முகத்தைப் பார்க்காமல்.

அங்கேதான் சின்னவளுக்குத் தடுக்கியது. எல்லாம் அந்த 'மைட்'டில் இருந்தது. நம் பேச்சில் வினைச்சொல்லின் வாலில் தொங்குகிற சங்கதியை இங்கிலீஷ்காரர்கள் தனியாக ஒரு குட்டிச் சொல்லாக்கி முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். அதைக் கவனிக்காமல் தாண்டினால் ஆள் சரி என்றாரா இல்லை என்றாரா என்றே தெரியாது.

"விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பேன்னு சொல்றார்" என்றாள் மெதுவாக.

"அதென்ன பேச்சு? வழுக்குதே!"

"ஏன்க்கா, நீ அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டா, சாப்பிடக் கூப்பிடும்போது 'வந்தாலும் வருவேன்'னு சொல்லுவியே, அதுக்கு என்ன அர்த்தம்? வர்றதா, வராததா?"

ஆறு மாதம் கழித்து வாயில் வந்த 'அக்கா' அது. பின் வரிசையிலிருந்து யாரோ, "வர்றதுதான்! இன்னொரு தடவை கூப்பிடணும், அவ்வளவுதான்" என்றார்கள். கூடம் மறுபடி சிரித்தது. பெரியவளின் உதடு ஓரத்தில் கொஞ்சம் அசைந்தது.

"அந்த மறுபாதி?"

"அது மைட் இல்லக்கா, கான்ட். அதுல இடமே இல்ல. பின்வாங்கினாருன்னு நாலு பேர் பார்க்கக் கூடாது, அது அவரால முடியாது. பின்வாங்கவே மாட்டேன்னு சொல்லலை. பார்க்கக் கூடாதுன்னுதான் சொல்றார்."

பெரியவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு, "பதில் எழுது. ஒரு அடிகூட இறங்கி வர மாட்டோம்னு போடு" என்றாள்.

"நீ சொன்னா அப்படியே எழுதறேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். ஆனா அதுக்கு 'வில் நாட்'டுன்னு போடணும். போட்டா அவர் மைட்டும் மாட்டேனா மாறிடும். அப்புறம் நீ பிடிச்ச முயலுக்கும் மூணு கால், அவர் பிடிச்ச முயலுக்கும் மூணு கால்."

"மேல உக்கார்ந்து அவர் பக்கம் பேசறியா?"

"உன் பேச்சு அவருக்கும் அவர் பேச்சு உனக்கும் சேதாரமில்லாம போய்ச் சேரணும். அதுக்குத்தான்க்கா அங்க உக்காந்திருக்கேன்." கடிதத்தை மடித்தாள். "நான் எங்கயும் போயிடலை."

பெரியவள் சட்டென்று எழுந்து கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை உருவிக்கொண்டு சரக்கறைக்கு நடந்தாள். "வந்து இந்த முனையைப் பிடி" என்ற சத்தம் மட்டும் வந்தது. சின்னவள் ஓடினாள்.

நடுத் தூணிலிருந்து பழைய இரும்பு அலமாரி வரை துண்டு துண்டாக அளந்து கூட்டினார்கள். எட்டரை மீட்டர். அலமாரியின் ஆழம் எழுபது சென்டிமீட்டர். பெரியவள் விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்தாள். "அலமாரியை எடுத்துட்டா மேசை இங்கயே உக்காந்துடும்டி! துணி வெட்ட மேல விளக்கு இருந்தா போதும். நமக்குத்தான் ஜன்னல் வேணும்."

"அலமாரியை யார் காலி பண்றது? இருபது வருஷக் குப்பை."

"நாமதான். ஞாயித்துக்கிழமை வந்து பண்ணித் தரோம்னு போடு." கொஞ்சம் யோசித்தாள். "பண்றோம்னு போட்டா நாம முதல்லயே கைகட்டி நின்னதா ஆகாதா? அந்தக் குட்டிச் சொல் ஏதாவது போட முடியுமா? அவர் சரின்னா நாங்களும் சரின்னு வர்ற மாதிரி?"

"'குட்', 'வுட்'னு ரெண்டு இருக்கு. நீங்க சரின்னா எங்களால முடியும், நீங்க சரின்னா செய்வோம்னு வரும்."

"ரெண்டையும் போடு."

மாடியில் மேலாளர் அந்தப் பதில் கடிதத்தை நின்றபடியே படித்தார். பென்சிலால் மேசையைத் தட்டினார். அளந்தது யார் என்று கேட்டார். "என் அக்கா" என்றாள் சின்னவள். அப்படிச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. தலைமையகத்துக்குத் தன் உத்தரவைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டதாகவும், இப்போது மாற்றினால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றும் அவர் ஆங்கிலத்தில் முனகினார். கீழே இருப்பவர்கள் கைதட்டிக் கூச்சல் போடுவார்களா என்று கேட்டார்.

அதற்குத் தன்னால் உறுதி தர முடியாது, கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கீழே போய்க் கேட்டாள். "கத்த மாட்டோம். சிரிப்பு வந்தா அது எங்க கையில இல்ல" என்றாள் பெரியவள். சின்னவள் அதை அப்படியே மேலே போய்ச் சொன்னாள். மேலாளர் முதன்முறையாகச் சிரித்தார்.

மதியம் மூன்று மணிக்கு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். தொழில்நுட்பக் காரணங்களால் வெட்டு மேசை மூன்று மாதச் சோதனைக்காகச் சரக்கறையில் வைக்கப்படும், தையல் பிரிவு இருக்கும் இடத்திலேயே இயங்கும். சின்னவள் படித்துச் சொல்லி முடித்ததும், "தொழில்நுட்பக் காரணமா? அது நம்ம அக்கா இன்ச் டேப்பு!" என்றாள் ஒருத்தி.

"விடுங்க. குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலைன்னு சொல்லிக்கட்டும்" என்றாள் பெரியவள்.

"அவருக்கு மீசையே கிடையாதேக்கா!"

சொன்ன சொல்லைக் காப்பாற்ற எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார்கள். மூன்றேகாலுக்கு நாற்பத்திரண்டு இயந்திரங்களும் ஓடின.

ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். அலமாரியிலிருந்து நூல்கண்டும் துருப்பிடித்த கத்தரிக்கோலும் ஒரு எலிக்கூடும் வந்தன. கடைசித் தட்டை அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தும்மல் போட்ட பெரியவள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மேல உன் ரூம்ல வெளிச்சம் எப்படி?"

"சுமார்தான். பின்னால ஒரு ஜன்னல் இருக்கு, பலகை அடிச்சு மூடி வச்சிருக்காங்க."

"திறக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்..."

"என்னடி லாம்? நாளைக்குச் சொல்லு. தனியா போக பயமா இருந்தா நானும் மாடிக்கு வரேன்."

திங்கட்கிழமை காலையில் வெட்டு மேசை வந்து இறங்கியது. அது சரக்கறையில் சுவரோடு சுவராக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, பெரியவள் கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஆறு மாதத்தில் முதல் தடவை.