தினம் ஒரு முழம் நடந்த நெப்டியூன்

நகரியில் நான் நெப்டியூனாக வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது.

ஆந்திர ராஜ்யம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மதராஸுக்கும் நமக்கும் நடுவே எல்லை எங்கே விழும் என்று ஊரே காத்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து, திருப்பதியில் படித்துவிட்டு வந்த நாகபூஷணம் வாத்தியார் சூரிய மண்டலத்தைத் தரையில் இறக்கினார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குன்றின்மேல், ஆளுயர மூங்கில் வளையத்தில் மஞ்சள் துணி, அது சூரியன். திருத்தணி சாலையில் முதல் பர்லாங்கு கல்மேல் ஓர் இலந்தைப்பழம், அது பூமி. முப்பதாவது கல்லருகே ஒரு கம்பின் உச்சியில், சாத்துக்குடி பருமனில் நீல நூலுருண்டை, அதுதான் நெப்டியூன். அதற்கு ஆள் வேண்டும் என்றார். தறியைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனேன். சயன்ஸ்மேல் ஆசையில்லை. அந்தக் கல்லை ஒட்டிய வயலுக்கு அப்பால், நான் பெண் கேட்டிருந்த தாட்சாயணி வீடு இருந்தது.

கிரகம் சும்மா நிற்காது. நெப்டியூன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற நூற்றறுபத்தைந்து வருஷம். அந்தக் கணக்கில் கம்பைத் தினம் ஒரு முழமும் கொஞ்சமும் நகர்த்த வேண்டும். வயல் வழியாக, நேராக அவள் வாசலைப் பார்த்து.

சித்தூரிலிருந்து வந்த சர்வேக்காரர்கள் சங்கிலி இழுத்துக்கொண்டு திரிந்த நேரம் அது. அவள் அப்பா அப்பாவு, என் கம்பை எல்லைக் கம்பு என்று முடிவுகட்டிவிட்டார்.

"நெப்டியூனுங்க மாமா. கிரகம்," என்றேன்.

"கிரகம் தினம் ஒரு முழம் நடக்குதா? ஆபீசருங்க சொல்லிக்குடுத்ததை ஒப்பிச்சிக்கினு நிக்கிற. வேத்து ராஜ்யத்துல பொண்ணு குடுக்க மாட்டேன்டா. தை பொறக்கறதுக்குள்ள கம்பு என் வீட்டைத் தாண்டி அந்தாண்ட போச்சுன்னா நாம ஒரே ராஜ்யம், பொண்ணு உனக்கு. இல்லன்னா திருத்தணி மாப்பிள்ளைக்கு."

தினம் காலையில் அவரே கையால் முழம் போட்டுப் பார்ப்பார். கூடுதலாக நகர்ந்தால் சர்க்கார் கம்பைத் திருடியதாகப் போலீசில் சொல்வாராம்.

வாத்தியாரிடம் ஓடினேன். "வத்து நைனா, வேணாம்! அவசரமா தள்ளினா அது நெப்டியூன் இல்ல, வெறும் நூலுருண்டை," என்றார்.

கிணற்றடியில் தாட்சாயணி கேட்டாள்: "இன்னா, உன் கிரகத்துக்குக் கால்ல முள்ளா?"

"சூரியன் ரொம்ப தூரத்துல இருந்து இழுக்குது. அதான் மெதுவா போவுது."

"நான் கிட்டக்கத்தானே கீறேன். நான் இழுக்கறது தெரியலையா அதுக்கு?"

அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஆளுயரச் சூரியன் கடுகளவு மஞ்சளாக மினுங்கும். அதிலிருந்து சூடு வராது; ஆனால் அதை விட்டுப் போகவும் முடியாது. நெப்டியூனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கம்பு அவள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. அது நிற்க வேண்டிய இடத்தில் மாவிலை கட்டிப் பந்தக்கால் நட்டிருந்தார்கள். அப்பாவு வழக்கம்போல முழம் போட்டுப் பார்த்தார். "ஒழுங்காத்தான் வந்துக்கினு இருந்த. கொஞ்சம் முன்னாடி கிளம்பியிருக்கக் கூடாதா?" என்றார். அவருக்கும் வருத்தம்தான். துன்னுட்டுத்தான் போகணும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். தாட்சாயணி பந்தக்காலிலிருந்து ஒரு மாவிலையை அவிழ்த்து என் கம்பில் கட்டினாள்.

பந்தக்காலைத் தாண்டி அந்தப் பக்கம் கம்பை நட்டேன். பிறகு எல்லையும் விழுந்தது. அவள் போன திருத்தணி மதராஸில், நான் ஆந்திரத்தில்.

நான் தறிக்குத் திரும்பவில்லை. இன்றைக்கும் தினம் ஒரு முழமும் கொஞ்சமும், மழையானாலும் காய்ச்சலானாலும். வடக்கே மலையடிவாரம் வரை வந்துவிட்டேன். இப்படியே போனால் சுற்று முடிந்து இன்னும் நூறு வருஷத்தில் அந்த வாசலுக்கு வந்துவிடுவேன். இந்தத் தடவை தை பிறப்பதற்கு முன்னாலேயே.